கொடைக்கானல் ஏரியை ஒரு காலையில் சுற்றுவது எப்படி

கொடைக்கானல் போய் இறங்கியதும் நேராகப் படகு டிக்கெட் வரிசையில் போய் நிற்காதீர்கள். ஏரியைச் சுற்றி வர ஏறக்குறைய 5 கிலோமீட்டர். காலை ஆறரைக்கெல்லாம் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினால் கூட்டம் வருவதற்குள் முடித்துவிடலாம். வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் முதல் அது உண்டு, விதிகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மலை ஏறும்போது வெள்ளி நீர்வீழ்ச்சியில் எப்படியும் நிறுத்துவீர்கள். அங்கே கொட்டுவது இந்த ஏரியின் மறுகால் தண்ணீர்தான். ஏரியே இயற்கையானதல்ல. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கரை போட்டுத் தேக்கியது. தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து விட்டவரும் அவர்தான் என்கிறார்கள். கடற்கரையிலிருந்து ஏழாயிரம் அடி உயரத்துக்குப் படகு! சுமந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

ஆனால் ஊர் ஏரிக்கு முந்தியது. மதுரைப் பக்கம் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலிலும் காலராவிலும் ஆட்களை இழந்துகொண்டிருந்தார்கள். முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அப்புறம்தான் இங்கே ஏறி, 1845இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். அப்போது சாலை ஏது? பெரியகுளம் பக்கமிருந்து நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோதான் வரவேண்டும். மோட்டார் சாலை வந்தது முதல் உலகப்போர் சமயத்தில். ஆக, கோடை முழுக்கத் தங்குவதற்கென்றே கட்டிய வீடுகள் இவை, ஒரு ராத்திரிக்கு அல்ல. நடக்கும்போது கருங்கல் சுவரும் புகைபோக்கியும் தெரிகிற பழைய வீடுகளைக் கவனியுங்கள். பல வீடுகளில் ஆள் இருக்கிறார்கள், அதனால் கேட்டுக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

நடக்க முடியாதவர்கள் வாடகை சைக்கிள் எடுக்கலாம், ஆனால் காசு கொடுக்கும் முன் பிரேக்கையும் செயினையும் பாருங்கள். நான் பார்க்காமல் எடுத்து, பாதி ஏரியைத் தள்ளிக்கொண்டே சுற்றினேன்.

சுற்றி முடித்த பிறகு படகு. 1890இல் தொடங்கிய படகு கிளப் இன்னும் இருக்கிறது. மிதிபடகு வேண்டாம், முட்டிதான் வலிக்கும். துடுப்புப் படகு எடுத்து, கையை விரித்தாற்போல் பிரியும் ஏரியின் ஏதாவது ஒரு விரலுக்குள் போகச் சொல்லுங்கள், சத்தமே இருக்காது. மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது, அதனால் மலை விளிம்பில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நடக்கும் கோக்கர்ஸ் வாக் பாதையையும் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.