கடற்காற்றும் கரண்டும்: டிரில், கிரைண்டர் முதன்முதலாகப் பிடிப்பவர்களுக்கு

சுவரில் ஷெல்ஃப் மாட்ட நாலு துளை போட வேண்டும். துருப்பிடித்து இறுகிப்போன கேட் தாழ்ப்பாளை வெட்டி எடுக்க வேண்டும். இந்தச் சின்ன வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்று டிரில்லையும் 4 அங்குலக் கிரைண்டரையும் நாமே வாங்கி வைத்துக்கொள்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் கருவியோடு வரும் கையேடு குமரி மாவட்டத்தின் காற்றை அறியாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு, இரண்டிலும் நாம் நனைகிறோம். குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கம் உப்புக்காற்று வேறு. ஈரமும் உப்பும் சேர்ந்தால் மின்சாரம் போகக்கூடாத வழியில் எளிதாகப் போகும். அதனால் மீட்டர் பெட்டியிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: ஆர்.சி.சி.பி. இருக்கிறதா?

மீட்டருக்குப் பக்கத்திலுள்ள பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் இருக்கும் எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. பல ஆம்பியர் பாய்ந்தால்தான் அது விழும், அதாவது இணைப்பைத் துண்டிக்கும். மனித உடம்புக்கோ அதில் நூறில் ஒரு பங்கே ஆபத்து. ஆளைக் காக்கும் கருவி ஆர்.சி.சி.பி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குக் கசிந்தால் அந்தக் கணமே இணைப்பைத் துண்டிக்கும். அதன்மேல் 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்க வேண்டும். 100, 300 என்று இருந்தால் அது ஆளைக் காக்க வைத்ததல்ல.

அதில் ‘டி’ என்று போட்ட ஒரு சிறு பொத்தான் இருக்கும். அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால், அல்லது ஆர்.சி.சி.பி.யே இல்லாவிட்டால், முதலில் வயர்மேனைக் கூப்பிடுங்கள். எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு கை பேஸிலும் (கரண்ட் வரும் வயர்) மறு கை நியூட்ரலிலும் (திரும்பும் வயர்) பட்டால் ஆர்.சி.சி.பி. பெரும்பாலும் விழாது. அது இருக்கிறதே என்று அறுந்த வயரைத் தொடலாகாது.

படி 2: வயரும் பிளக்கும்

கருவியின் வயரைத் தலையிலிருந்து கால்வரை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு, டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் வேலை வேண்டாம். கருவியின் உடம்பின்மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள கருவி. இரண்டு பின் பிளக்கோடு வரும். அந்தக் குறி இல்லாத கருவியின் எர்த் பின்னை ஒருபோதும் உடைக்காதீர்கள். பிளக்கை வெட்டிவிட்டு வயர் நுனியை சாக்கெட்டில் செருகித் தீக்குச்சி வைத்து அடைக்கும் பழக்கத்தை எங்கே பார்த்தாலும் தடுங்கள். எத்தனை அனுபவசாலி செய்தாலும் அது தவறு.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயரை முழுக்க விரித்துவிடுங்கள். சுருட்டியபடி கிரைண்டர் ஓட்டினால் உள்ளே சூடேறி உருகும். மழை பெய்த முற்றத்தில் பாக்ஸைத் தரையில் வைக்காமல் உலர்ந்த முக்காலிமேல் வையுங்கள். ஈரத்தில் வெறுங்காலோடு நின்று வேலை செய்யாதீர்கள்.

படி 3: உடை

வீட்டில் சாரம் (லுங்கி) கட்டியிருப்போம். கிரைண்டர் எடுக்கும் நாளில் பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள். முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த முடி, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் அடக்கிக் கட்டுங்கள். டிரில்லுக்குத் துணிக் கையுறை வேண்டாம். ஒரு நூல் சிக்கினாலும் விரலையும் சேர்த்து முறுக்கிவிடும். கண்ணாடி கட்டாயம், பக்கவாட்டிலும் மூடியதாக இருக்கட்டும். கான்கிரீட்டைத் துளைக்கும்போது பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தங்கிவிடும். கைக்குட்டை அதைத் தடுக்காது, என்95 முகக்கவசம் போடுங்கள்.

படி 4: சுவரில் துளை

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் நேர் பக்கத்திலும் துளைக்காதீர்கள். உள்ளே ஒளித்த வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். குளியலறைச் சுவரின் பின்பக்கம் குழாய் இருக்கும்.

ஸ்க்ரூவுக்காகத் துளையில் செருகும் பிளக் கட்டை 6 மி.மீ. என்றால் துளைக்கும் பிட்டும் 6 மி.மீ. தேவையான ஆழத்தில் பிட்டின்மேல் ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பிட் மாட்டும்போதும் கழற்றும்போதும் டிரில்லின் பிளக் சாக்கெட்டில் இருக்கக்கூடாது. பிட்டை இறுக்கிய சக் சாவியைக் கையோடு எடுத்துவிடுங்கள். பக்கக் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடியுங்கள். பிட் கம்பியில் மாட்டி நின்றால் டிரில்லே சுழன்று மணிக்கட்டைத் திருப்பிவிடும். தொடர்ந்து ஓடவைக்கும் லாக் பொத்தானைத் தொடக்கத்தில் பயன்படுத்தவே வேண்டாம்.

ஹாமர் (பிட் சுற்றிக்கொண்டே இடிக்கும் முறை) இல்லாமல் மெதுவாகத் தொடங்கி, ஒரு குழி விழுந்தபின் ஹாமருக்கு மாற்றுங்கள். டைல் இருந்தால் அதைத் தாண்டும்வரை ஹாமர் கூடாது. அயனிப் பலகையிலோ ரப்பர் மரப் பலகையிலோ துளைக்க, பலகையைக் கிளாம்ப் போட்டு மேசையில் இறுக்குங்கள். மடியில் வைத்துத் துளைப்பது தொடையில் துளைப்பதற்குச் சமம்.

படி 5: கிரைண்டர்

வீட்டுக் கருவிகளில் நான் அதிகம் பயப்படச் சொல்வது இதற்குத்தான். 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுற்றும். கணக்குப் போட்டால் அதில் மாட்டிய வட்டத் தட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உடைந்த துண்டும் அதே வேகத்தில்தான் வரும். ஆகவே காவல் மூடியைக் கழற்றாதீர்கள். வெட்டும்போது மறைக்கிறது என்பது கழற்றக் காரணமாகாது. மூடியின் கோணத்தைத் திருப்பி வையுங்கள்.

தட்டில் அச்சிட்ட வேகம் கருவியின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் இருக்கும். நம் ஈரக் காற்றில் அதைக் கடந்த தட்டு வேண்டாம். புதுத் தட்டு மாட்டியதும் யாரையும் எதிரே நிற்கவிடாமல் ஒரு நிமிடம் சும்மா ஓட்டுங்கள். மெல்லிய வெட்டும் தட்டின் பக்கவாட்டால் தேய்க்காதீர்கள். மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டவே மாட்டாதீர்கள். மரத்தில் பல் மாட்டியதும் கருவி துள்ளி உங்களை நோக்கி வரும், மூடியும் அதைத் தடுக்காது.

பொறி பறக்கும் திசையில் காய்ந்த ஓலை, கதம்பை (தேங்காய் மட்டை), பெட்ரோல் கேன் எதுவும் இருக்கக்கூடாது. வேலை முடிந்து அரைமணி நேரம் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள். கதம்பை நார் புகையில்லாமலே கனன்றுகொண்டிருக்கும்.

நடுவில் கரண்ட் போனால் சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்குங்கள். மறந்தால், கரண்ட் வரும்போது மேசையில் கிடக்கும் கிரைண்டர் தானாக ஓடத் தொடங்கும்.

செயின் சா பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 ஒக்கிப் புயலுக்குப் பின் விளைகளில் (தோட்டங்களில்) சாய்ந்து கிடந்த ரப்பர் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். வளைந்து முறுகிக் கிடக்கும் மரம் வெட்டு விழுந்ததும் வில்லாகத் தெறிக்கும். அது பழகியவர்கள் வேலை.

படி 6: ஏதாவது ஆகிவிட்டால்

ஷாக் அடித்தவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள், பிறகு 108. மூச்சில்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் அழுத்திக்கொண்டே இருங்கள். கண்ணில் இரும்புத் துகள் குத்தியிருந்தால் தேய்க்காமல், எடுக்க முயலாமல், மூடிக்கொண்டு ஆசாரிபள்ளம் மருத்துவக்கல்லூரிக்கோ பக்கத்துக் கண் மருத்துவரிடமோ போங்கள்.

படி 7: எடுத்து வைப்பது

தட்டு முழுவதும் நின்றபின் கருவியைக் கீழே வையுங்கள். பிளக்கைப் பிடுங்கி, தூசியைத் துடைத்து, சக்கில் ஒரு துளி எண்ணெய் விட்டு, மூடிய பெட்டியில் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கடலோர வீடுகளில் சில வாரத்திலேயே பிளக் பின்னில் பச்சை பூக்கும். அதை உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்கலாம். பின் கறுத்தோ பக்கத்தில் பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் தேய்ப்பது பயனில்லை. பிளக்கை மாற்றிய பிறகே கருவியை எடுங்கள்.