சிமானாமி கைடோ: தீவில் கூடாரமிட்டு மூன்று நாள் சைக்கிள் பயணம்

சிமானாமி கைடோ என்பது ஜப்பானில் ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை போகும் சைக்கிள் பாதை. சுமார் 70 கி.மீ., நடுவில் 6 தீவுகள். பழகியவர்கள் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். முதல் பயணத்துக்கு மூன்று நாள் வையுங்கள். முதல் நாள் 30 கி.மீ. ஓட்டி இக்குச்சி தீவின் சன்செட் பீச்சில் தங்குங்கள். மறுநாள் கூடாரத்தைப் பிரிக்காமல், சுமையின்றித் தீவைச் சுற்றுங்கள். முழங்காலுக்கு அந்த ஓய்வு அவசியம். மூன்றாம் நாள் மீதி 40. வழி தவறாது, சாலையோர நீலக்கோடே கூட்டிப்போகும்.

பாலங்களுக்கு ஏறும் பாதை 3 சதவீதச் சரிவுதான். சின்ன கியரில் மெதுவாக மிதியுங்கள். பெரிய கியரில் அழுத்துவதால்தான் முழங்கால் வலிக்கிறது.

சுமை 12 கிலோவுக்குள், பின்பைகளில் இருபுறமும் சமமாக, கனமானவை அடியில். கேரியர் போல்ட்டுகள் அதிர்வில் கழன்றுவிடும். தினமும் காலையில் அலென் சாவியால் (அறுகோணச் சாவி) இறுக்குங்கள். அடுப்புக்கான கேஸ் டப்பாவை விமானத்தில் விடமாட்டார்கள், அங்கேயே வாங்குங்கள்.

மணலில் சாதாரண கூடார முளை நிற்காது. ஒரு பையில் மணலை நிரப்பி, கூடாரக் கயிற்றை அதில் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். காற்றடித்தாலும் அசையாது.

உப்புக்காற்றில் செயின் ஒரே இரவில் துருவேறும். படுக்கும் முன் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றியெடுங்கள்.

கடைசியில் வரும் குருஷிமா பாலம் 4 கி.மீ. நீளம், பக்கக்காற்று பலம். அதற்கு முன்பே தண்ணீரும் வயிறும் நிரம்பியிருக்கட்டும்.