டீமுக்குப் பேர் வைப்பது எப்படி: கத்திப் பாருங்கள், ஜெர்சியில் எழுதிப் பாருங்கள்

எந்த ஊர் டென்னிஸ் பால் டோர்னமென்ட் ஃப்ளெக்ஸை எடுத்தாலும் ஒரு ‘ஃப்ரெண்ட்ஸ் சிசி’, ஒரு ‘யங் ஸ்டார்’, ஒரு ‘லெவன் ஸ்டார்’ கட்டாயம் இருக்கும். சில சமயம் ஃப்ரெண்ட்ஸே இரண்டு இருக்கும். “ஃப்ரெண்ட்ஸ் டீம் டாஸுக்கு வரவும்” என்று மைக்கில் சொன்னால் இரண்டு கேப்டன்கள் எழுந்து வருவார்கள். ஃபிக்சர் போடுபவர் வேறு வழியில்லாமல் ஏ, பி என்று சேர்த்துவிடுவார். இன்னொரு டீமுக்கு அப்படியே மாட்டிவிட முடிகிற பேர், பேராக வேலை செய்யாது. புது டீமுக்குப் பேர் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பெரிய லீக்குகளும் இந்தத் தப்பைச் செய்கின்றன. சூப்பர் கிங்ஸ், பஞ்சாப் கிங்ஸ், கோவை கிங்ஸ், நெல்லை ராயல் கிங்ஸ், கடல் தாண்டினால் ஜாஃப்னா கிங்ஸ். இத்தனை ராஜாக்களுக்கு ராஜ்யத்துக்கு எங்கே போவது? டைட்டன்ஸ், வாரியர்ஸ் கதையும் இதேதான். சென்னைக்கு ‘கிங்ஸ்’ ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் 2008 முதல் ஆடிய ஆட்டமும் மஞ்சள் ஜெர்சியும். அந்தப் பலம் கையில் இல்லாத டீம் ‘கிங்ஸ்’ வைத்தால் கிடைப்பது நகல் மட்டுமே.

ஊரைத் தோண்டுங்கள்

நாலைந்து பேர் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் இருபது சொல்லாவது எழுதுங்கள். அது டீம் பேர்ப் பட்டியலாக இருக்க வேண்டாம், ஊரைப் பற்றிய பட்டியலாக இருக்கட்டும்: மலை, ஆறு, கோட்டை, சந்தை, முக்கியத் தொழில், விளைச்சல், திருவிழா, பழைய விளையாட்டு. பக்கத்து ஊர்க்காரர்கள் உங்களைக் கிண்டலாக எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். பல சமயம் நல்ல பேர் அந்தக் கிண்டலில்தான் ஒளிந்திருக்கும். தொப்பி செய்யும் ஊரான இங்கிலாந்தின் லூட்டனில் உள்ள கால்பந்து கிளப் லூட்டன் டவுனுக்கு ‘ஹேட்டர்ஸ்’, அதாவது தொப்பிக்காரர்கள். ஆர்சனல் 1886-இல் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிகள் தொடங்கிய கிளப், அதனால் ‘கன்னர்ஸ்’, பீரங்கிக்காரர்கள். அமெரிக்காவின் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற பேர், 1919-இல் ஜெர்சிக்குக் காசு கொடுத்த இறைச்சி பேக்கிங் கம்பெனியிலிருந்து வந்தது. கம்பெனி போய்விட்டது, பேர் நிற்கிறது.

நம் பக்கத்தில் இந்த வகையில் எடுத்துக்காட்டு, தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கிரிக்கெட்டில் ஆடிய ‘காரைக்குடி காளை’. அருகிலேயே சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கிற மண், காளை என்றதும் விளக்கம் தேவைப்படாது. லோகோவில் கொம்பு, திமில், சிவந்த கண் எல்லாம் தானாக வந்து உட்காரும். அதே அணி 2021 டிஎன்பிஎல்லில் திருப்பூருக்குப் போய் ‘தமிழன்ஸ்’ ஆனது. பனியனுக்கு நாடே அறிந்த ஊருக்கு, எந்த ஊருக்கும் பொருந்துகிற ஒரு சொல். ‘சேப்பாக் சூப்பர் கில்லீஸ்’ பரவாயில்லை: கில்லி என்றால் கிட்டிப்புள்ளின் சின்னக் குச்சி, கெட்டிக்காரன் என்றும் பொருள். ‘சூப்பர்’ இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

காதுக்கு ஒரு சோதனை

பட்டியலை ஐந்தாக, ஆறாகக் குறைத்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மைதானத்துக்குப் போங்கள். ஒருவர் பவுண்டரியில் நின்று கத்தட்டும், மற்றவர்கள் எதிர்ப் பக்கம் நின்று கேட்கட்டும். காற்று எதிரே அடிக்கும்போதும் பேர் புரிகிறதா?

கூட்டம் கத்துவதற்கு இரண்டு மூன்று தட்டுக்குள் அடங்கும் சொல் வேண்டும். ‘சி-எஸ்-கே’ மூன்று தட்டு, நாலாவது இடத்தில் மூச்சு. ஐபிஎல்லில் ஆடிய ‘கொச்சி டஸ்கர்ஸ் கேரளா’வை அப்படித் தட்டிப் பாருங்கள் (டஸ்கர் என்றால் தந்தமுள்ள யானை). ஊர் பேரும் மாநிலப் பேரும் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் யானை மாட்டிக்கொள்கிறது. (அந்த அணி 2011-இல் ஒரே சீசனோடு போனதற்குக் காரணம் பேர் இல்லை, பேங்க் கேரன்ட்டி தகராறு.)

கடைசி ஒலியும் முக்கியம். உயிரொலியில் முடியும் சொல்லை இழுக்கலாம், ‘ஸ்’ஸில் முடிவது சீறலாக அடங்கிவிடும். கபடி அணியான ‘தமிழ் தலைவாஸ்’ இலக்கணப்படி விநோதமான சொல்: ‘தலைவா’ என்ற விளிக்கு ஆங்கிலப் பன்மை ஒட்டியிருக்கிறது. ஆனால் கேலரியில் அதுவே பலம். ‘ஸ்’ஸை விட்டுவிட்டு “தலைவாஆஆ” என்று இழுத்தால் கூப்பிடும் சொல் தயாராகவே இருக்கிறது.

மோனை பார்ப்பவர்கள் ஆங்கில எழுத்தை வைத்துப் பார்க்காதீர்கள். திண்டுக்கல் டிராகன்ஸுக்கு ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்து. தமிழ் வாயில் ஒன்று ‘தி’, இன்னொன்று ‘டி’, மோனை காணாமல் போகிறது. பூட்டுக்கும் மலைக்கோட்டைக்கும் பேர்போன ஊருக்கு டிராகன் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த ஒரு எழுத்தைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியவில்லை. காரைக்குடி–காளையில் இரண்டு பக்கமும் ‘கா’, சொல்லும்போதே தாளம் விழுகிறது.

வேற்றுமை உருபு போட்டுப் பாருங்கள்

நம் பேச்சில் டீம் பேர் தனியாக நிற்காது. காளைக்கு, காளையை, காளையிடம் என்று உருபு ஒட்டித்தான் வரும். உங்கள் பேரை வைத்து நாலு வாக்கியம் எழுதுங்கள்: ‘... ஜெயித்தது’, ‘...ஐ வீழ்த்தியது’, ‘...இடம் தோற்றது’, ‘...உக்கு கோப்பை’. நாக்கு தடுக்கினால் பேரில் கோளாறு. ‘சென்னையின் எஃப்சி’யை எடுங்கள். ‘சென்னையின் கால்பந்து கிளப்’ என்று படித்தால் அழகாக இருக்கிறது. தலைப்பில் எஃப்சியை விட்டுவிட்டு ‘சென்னையின் வெற்றி’ என்று போட்டால், ஊரின் வெற்றியா கிளப்பின் வெற்றியா என்று வாசகர் ஒரு கணம் நிற்கிறார்.

ஆண்பால் விகுதியையும் இங்கேயே கவனியுங்கள். ‘வீரன்ஸ்’, ‘தமிழன்ஸ்’ என்று வைத்துவிட்டு இரண்டு வருஷம் கழித்துப் பெண்கள் டீம் தொடங்கினால் வேறு பேர் தேட வேண்டும். ராயல் சேலஞ்சர்ஸ் பெண்கள் அணி அதே பேரில் இறங்கி 2024-இல் கோப்பையும் தூக்கியது, அந்தச் சொல்லில் ஆண்பால் பெண்பால் இல்லாததால் ஒரு சிக்கலும் வரவில்லை.

ஜெர்சியும் ஸ்கோர்போர்டும்

பெரியவர்கள் ஜெர்சியில் நெஞ்சுப் பக்கம் எழுத்துக்குக் கிடைக்கும் அகலம் சுமார் 11 அங்குலம். தமிழில் எழுத்தை எண்ணாதீர்கள், உருவை எண்ணுங்கள். ‘காளை’ இரண்டு எழுத்து, ஆனால் துணைக்காலும் இணைக்கொம்பும் சேர்த்து நாலு உரு. ‘வேட்டைக்காரர்கள்’ ஒன்பது எழுத்து, பன்னிரண்டு உரு. ஓர் உருவுக்கு ஒரு அங்குலம்கூட வராது, இருபது மீட்டரில் வெறும் கோடாகத் தெரியும். ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவதானால் ஞ, ஜ, ஷ மாதிரி சுழி அதிகமுள்ள எழுத்துகள் முதலில் உரியும். அதற்குச் சாயத்தைத் துணியிலேயே ஏற்றும் சப்ளிமேஷன் பிரின்ட் மேல்.

ஸ்கோரிங் ஆப்பில் மூன்று ஆங்கில எழுத்துச் சுருக்கம் கேட்கும், முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். ‘சேலம் ஏஸ் டிராகன்ஸ்’ என்று வைத்தால் சுருக்கம் ‘சேட்’, சோகம் என்று அர்த்தம். தோற்ற அன்று எதிர் டீம் சும்மா விடாது.

பேருக்கும் நிறத்துக்கும் சண்டை வரக்கூடாது. ‘ப்ளூபேர்ட்ஸ்’, அதாவது நீலப் பறவைகள் என்று அழைக்கப்படும் கால்பந்து கிளப் கார்டிஃப் சிட்டிக்கு 2012-இல் முதலாளி சிவப்பு ஜெர்சி மாட்டினார். ரசிகர்கள் விடவில்லை, 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது.

எங்கே வெடிக்கும்

நம் ஊரில் சூரியன், இலை, சில விலங்குகள், சில நிறச் சேர்க்கைகள் எல்லாம் கட்சிக்குப் போய்விட்டவை. ‘உதயசூரியன் வாலிபால் குழு’ என்று பனையோலையில் எழுதி வைத்தாலும் எந்தக் கட்சி என்றுதான் கேட்பார்கள். சாதித் தலைவர் பேரோ பட்டமோ வேண்டவே வேண்டாம். பக்கத்து ஊரில் ஆடப் போகும்போது, ஒரு எல்பிடபிள்யூ தகராறு வேறு தகராறாக மாற அது போதும்.

அடுத்தவர் இனத்தைச் சின்னமாக்குவதும் நிலைக்காது. ‘ரெட்ஸ்கின்ஸ்’ என்பது அமெரிக்கப் பூர்வகுடிகளை இழிவாகக் குறிக்கும் சொல்; அமெரிக்கக் கால்பந்து அணியான வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் 2020-இல் அந்தப் பேரைக் கைவிட்டு, இரண்டு சீசன் பேரில்லாத ‘ஃபுட்பால் டீம்’ ஆகவே ஆடி, 2022-இல் கமாண்டர்ஸ் ஆனது.

ஸ்பான்சர் பேரை முன்னால் ஒட்டுங்கள், உள்ளே கலக்காதீர்கள். ‘லைகா கோவை கிங்ஸ்’ஸில் முதல் சொல்லைக் கழற்றினாலும் மிச்சம் நிற்கும். ராயல் சேலஞ்சர்ஸ் ஒரு விஸ்கி பிராண்டிலிருந்து வந்த பேர், இனி அதைப் பிரிக்க முடியாது.

பேர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். முதலில் உங்கள் மாவட்ட டோர்னமென்ட் ஃபிக்சர்களில், அடுத்து ஸ்கோரிங் ஆப், இன்ஸ்டா, யூடியூபில். கிளீவ்லாந்து பேஸ்பால் அணி 2021-இல் ‘கார்டியன்ஸ்’ என்று அறிவித்தபோது அதே ஊரில் அதே பேரில் ஒரு ரோலர் டெர்பி (சக்கரக் காலணி மாட்டி ஆடும் விளையாட்டு) டீம் ஏற்கனவே இருந்தது, விஷயம் கோர்ட்டுக்குப் போய் சமரசத்தில் முடிந்தது. ஐபிஎல் அணிகளின் பேரையும் முத்திரையையும் அப்படியே எடுத்து ஜெர்சி விற்றால் வணிகச் சின்னச் சிக்கல் வரும். மன்றமாகப் பதிவு செய்வதானால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஏற்கனவே பதிவான சங்கத்தின் பேரோ அதற்கு மிக நெருங்கியதோ கிடைக்காது, ஆகவே இரண்டு மாற்றுப் பேரோடு போங்கள்.

கடைசியில்

மிஞ்சிய இரண்டு மூன்று பேரில் ஓட்டெடுப்பு வைக்காதீர்கள். யாருக்கும் பிடிக்காமல் போகாத பேர்தான் ஜெயிக்கும், மறுபடி ஃப்ரெண்ட்ஸ் சிசிதான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸ் மேட்சில் ஆளுக்கொரு பேராகச் சொல்லி ஆடுங்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அடுத்த வாரமும் வாயில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு சாம்பிள் ஜெர்சி அடித்து, துவைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்துக்கு ஆர்டர் கொடுங்கள்.

பின்னால் மாற்ற நேர்ந்தால் ஒரு துண்டைப் பழசிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள். கிளீவ்லாந்து இந்தியன்ஸ் கார்டியன்ஸ் ஆனபோது ஆங்கில எழுத்தில் ‘dians’ அப்படியே நின்றது, கிங்ஸ் லெவன் 2021-இல் பஞ்சாப் கிங்ஸ் ஆனபோது கிங்ஸ் நின்றது. பழைய ஜெர்சியைப் பிராக்டிஸோடு நிறுத்திவிடுங்கள். மேட்சில் ஐந்து பேர் பழசும் ஆறு பேர் புதுசுமாக இறங்கினால் மைக்கில் இருப்பவர் எந்தப் பேரைச் சொல்வது என்று தெரியாமல் “பேட்டிங் டீம்” என்றே மேட்சை முடித்துவிடுவார்.