கர்னல் கான்ஃபிக் ஆப்ஷன்களை நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் கர்னலுக்குப் புதிதாகப் பேட்ச் அனுப்புபவர்கள் பலர் முதலில் கைவைப்பது, பயனற்றுக் கிடக்கும் கான்ஃபிக் ஆப்ஷன்களில்தான் (கர்னலின் எந்தப் பகுதி பில்டில் சேர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அமைப்புகள்). எழுத்துப்பிழை, வரி நீளம் போன்றவற்றைச் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். அதன் கண்ணில் படாதவை மட்டும் இங்கே.

## பில்ட் ஆகிவிட்டது, அதனால் சரி

திரும்பத் திரும்ப நடப்பதும் இதுதான், இன்னமும் எரிச்சலூட்டுவதும் இதுதான். ஆப்ஷன்கள் அறிவிக்கப்படும் கேகான்ஃபிக் கோப்பில் இருக்கும் வரையறையை அழித்துவிட்டு, பில்ட் ஓடியதும் பேட்ச்சை அனுப்பிவிடுகிறார்கள். சி மொழியில் ஒரு ஃபங்ஷனை நீக்கினால் கம்பைலரோ லிங்கரோ பிழை காட்டும். கான்ஃபிக் ஆப்ஷனை நீக்கினால் ஒரு எச்சரிக்கைகூட வராது. ஆப்ஷன் இயங்குகிறதா என்று பார்க்கும் இஃப்டெஃப் நிபந்தனை பொய்யாகி, அதற்குள் இருந்த நிரல் சத்தமில்லாமல் விழுந்துவிடும். அதையே சோதிக்கும் ஈஸ்_எனேபிள்ட் மேக்ரோ பூஜ்யம் தரும். எந்தக் கோப்புகளைக் கம்பைல் செய்வது என்று சொல்லும் மேக்ஃபைலில் அந்த ஆப்ஷனின் இடம் வெற்றாகி, ஆப்ஜெக்ட் கோப்பு பில்டில் சேராமலே போகும். இன்னொரு டிரைவர் அதை 'டிபென்ட்ஸ் ஆன்' என்று சார்ந்திருந்தால், அந்த டிரைவரே மெனுவில் இருந்து மறையும். ஆச்சரியக்குறியோடு சார்ந்திருந்தால் தலைகீழ்: அந்த நிபந்தனை எப்போதும் மெய்.

எனவே பெயரை இரண்டு விதமாகத் தேடுங்கள். நிரலிலும் மேக்ஃபைலிலும் 'கான்ஃபிக்_' என்ற முன்னொட்டு இருக்கும், கேகான்ஃபிக் கோப்புகளில் இருக்காது. முழுச்சொல்லாக மட்டும் தேடுபவர்கள் தவறவிடும் இடம் ஒன்றும் உண்டு. ஆப்ஷன் மாட்யூலாக (தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கோப்பாக) இருக்கும்போது பெயருக்குப் பின்னால் '_மாட்யூல்' ஒட்டிய மேக்ரோதான் உருவாகும். பழைய நிரல்கள் சில அதையே நேரடியாகச் சோதிக்கின்றன.

பிறகு, வரையறை இல்லாத ஆப்ஷன் பெயர்களைக் கண்டுபிடிக்க, ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள செக்கேகான்ஃபிக்சிம்பல்ஸ் கருவியை உங்கள் கமிட்டுக்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்படி ஓட்டுங்கள். பேட்ச்சுக்கு முந்தைய, பிந்தைய கான்ஃபிக் கோப்புகளை அதே அடைவின் டிஃப்கான்ஃபிக்கில் கொடுங்கள். எக்ஸ்86 மட்டும் போதாது. ஆர்ம்64-லும், நீங்கள் தொட்ட மற்ற ஆர்க்கிடெக்சர்களிலும், ஆல்மாட்கான்ஃபிக்கில் (முடிந்தவை எல்லாம் மாட்யூலாக) ஒரு முறை, ஆல்நோகான்ஃபிக்கில் (முடிந்தவை எல்லாம் அணைத்து) ஒரு முறை. நீக்கிய ஆப்ஷனின் வரி மட்டுமே வித்தியாசமாக வர வேண்டும். வேறு எது மாறினாலும் அதற்கான காரணம் கமிட் செய்தியில் இருந்தாக வேண்டும்.

## அழகுக்காகப் பெயர் மாற்றுவது

பழைய கான்ஃபிக் கோப்பைப் புதிய கர்னலுக்கு ஏற்பப் புதுப்பிக்கும் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்குக்குப் பழைய பெயர் தெரியாது. பயனர் தேர்ந்ததைக் கைவிட்டு, புதிய பெயரின் இயல்பு மதிப்பைக் கேள்வி கேட்காமல் வைத்துவிடும். பாதுகாப்பு சார்ந்த ஆப்ஷன் இப்படி அணைந்தால் யாருக்கும் தெரியவே தெரியாது. பெயர் மாற்றத்தை வேண்டுமென்றே பயன்படுத்தியதும் உண்டு. ஸ்லாப் (எஸ்எல்ஓபி) மெமரி அலோகேட்டரைத் தூக்கும் முன், 6.2 பதிப்பில் அதன் பெயரோடு 'டெப்ரிகேட்டட்' (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்று ஒட்டினார்கள். பழைய கான்ஃபிக்கோடு வருபவர்கள் கவனிக்கட்டும் என்பதற்காக. 2023-இல் 6.4 பதிப்பில்தான் நீக்கினார்கள்.

## டிபென்ட்ஸை செலக்ட்டாக மாற்றுவது

செலக்ட், தான் இயக்கும் ஆப்ஷனின் சார்புகளைப் பார்க்காமல் திணித்துவிடும். மெனுவில் தெரியாத, சார்பு ஏதும் இல்லாத ஆப்ஷன்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

## டெஃப்கான்ஃபிக் கோப்புகள்

ஆர்க்கிடெக்சர்களோடு வரும் இயல்பு கான்ஃபிக் கோப்புகள் இவை. அங்கே நீக்கிய ஆப்ஷனின் வரியை மட்டும் அழியுங்கள். அந்தக் கோப்பை முழுதாகப் புதிதாக உருவாக்கும் சேவ்டெஃப்கான்ஃபிக்கை ஓட்டினால் தொடர்பில்லாத வரிகளும் சேர்ந்து மாறும்.

## ஒரே பேட்ச்சில் பத்து ஆப்ஷன்

வேண்டாம். பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று பைசெக்ட் செய்து தேடுபவருக்கு எந்த ஆப்ஷன் உடைத்தது என்றே தெரியாது.