கோடியக்கரை வெளிமான் மந்தையைக் கணக்கெடுப்பது எப்படி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வேலை பார்க்கும் என் அத்தான், ஆண்டுதோறும் அந்த மாநிலத்தின் பொதுக்காடுகளில் மான் வேட்டைக்குச் செல்பவர். விடுமுறையில் வேதாரண்யம் வந்திருந்தபோது கோடியக்கரைப் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த வெளிமான்களை (ஆங்கிலத்தில் பிளாக்பக்) பார்த்துவிட்டு, "ஏன் மாப்பிள்ளை, இதுக்கு இங்க லைசென்ஸ் எங்க வாங்கணும்?" என்று கேட்டார். எங்கும் வாங்க முடியாது என்று சொன்னதும் அவர் கேட்ட அடுத்த கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது: "அப்ப மந்தை கூடுதா குறையுதான்னு எப்படித் தெரிஞ்சுக்குறீங்க?" அவருடைய ஊரில் மானைச் சுட்டவர் அதைத் துறைக்கு அறிவிக்க வேண்டும், சுடப்பட்ட மான்களின் எண்ணிக்கை, வயது, பால் ஆகியவற்றிலிருந்து மந்தையின் நிலையை மாநில வனவிலங்குத் துறை கணிக்கிறது. நமக்கு அந்த வழி இல்லை. உயிரோடு நிற்கும் விலங்கைத் தொலைவிலிருந்து பார்த்து எண்ணுவதே நம்மிடம் உள்ள வழி என்பதால், அதைத் தவறில்லாமல் செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. வெளிமான் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு; அதை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம். வேட்டை என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் பொருள் நம்மில் பலர் நினைப்பதைவிட விரிவானது: கொல்வது மட்டுமன்றி, பிடிப்பது, விரட்டுவது, கண்ணி வைப்பது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கு முயல்வது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். ஆகவே, நல்ல படம் கிடைக்கும் என்று மந்தையின் பின்னால் மோட்டார் சைக்கிளை ஓட்டுபவர் தன்னை வெறும் பார்வையாளராக எண்ணிக்கொள்ள வேண்டாம். புல்லில் கிடக்கும் கொம்பையோ மண்டையோட்டையோ எடுத்துவந்து வீட்டுச் சுவரில் மாட்டவும் கூடாது. அவை அரசின் உடைமை.

கோடியக்கரை 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் அதைச் சூழ்ந்த ஈரநிலமும் சேர்ந்து, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சரணாலயத்துக்குள் கணக்கெடுப்பு நடத்துவது வனத்துறையின் பொறுப்பு. தன்னார்வலர்களும் கல்லூரி மாணவர்களும் அதில் உதவியாளர்களாகச் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். சேர விரும்புவோர் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலாப் பயணியாகச் சீட்டு வாங்கிக்கொண்டு செல்பவர் அனுமதிக்கப்பட்ட பாதையிலிருந்தே பார்த்துக் குறிப்பெடுக்கலாம். அந்தக் குறிப்பும், ஒரே பாதையில் ஒரே நேரத்தில் மாதந்தோறும் எடுக்கப்பட்டால், பயனற்றதாகப் போய்விடாது.

எதை எண்ணுகிறோம்

கோடியக்கரையில் புள்ளிமானும் உண்டு, வெளிமானும் உண்டு. பேச்சில் இரண்டையும் மான் என்று சொல்லிவிடுகிறோம். கணக்கில் அவ்வாறு கலக்கக் கூடாது. புள்ளிமானின் கொம்பு கிளைவிடும், விழுந்து மீண்டும் முளைக்கும். அத்தான் சுடும் வெள்ளைவால் மானின் கொம்பும் அத்தகையதே. பழைய தமிழில் புல்வாய் எனப்பட்ட வெளிமானின் கொம்போ கிளையற்றது, முறுக்குடையது, வாழ்நாள் முழுவதும் உதிராதது. இந்த வேறுபாடு வெறும் விலங்கியல் செய்தியன்று. உதிராத கொம்பு வயதோடு சேர்ந்து வளர்வதால், அதன் முறுக்குகளைப் பார்த்து ஆண் விலங்கின் வயது நிலையைத் தொலைவிலிருந்தே ஓரளவு சொல்லிவிட முடியும்.

குறிப்பேட்டில் ஐந்து நிரல்கள் போதும்: முதிர்ந்த ஆண், இளம் ஆண், பெண், குட்டி, வகை தெரியாதது. முறுக்கு இரண்டைத் தாண்டித் தெளிவாகத் தெரிந்தால் முதிர்ந்த ஆண். முறுக்கு ஏறாத முளைக்கொம்போ இரண்டு வரையிலான முறுக்கோ இருந்தால் இளம் ஆண். புதிதாக வருபவர்கள் நிறத்தைக் கொண்டு பிரிக்க முயல்கிறார்கள். அங்கேதான் தவறு நேர்கிறது. படங்களில் காண்பதைப் போன்ற கரிய முதுகு தென்னாட்டு ஆண்களில் எல்லாவற்றுக்கும் அமைவதில்லை, பல அடர்பழுப்போடு நின்றுவிடுகின்றன. நிறத்தை நம்பினால் வயது வந்த ஆணை இளம் ஆண் நிரலில் எழுதிவிடுவோம். கொம்பைப் பார்த்த பின்னரே நிறத்தைப் பார்க்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் கடைசி நிரலில் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த நிரல் முற்றிலும் வெறுமையாக இருக்கும் குறிப்பேட்டைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

எங்கே நிற்பது, எப்போது நிற்பது

வேட்டைக்காரரிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருப்பது இந்தப் பகுதியில்தான். அத்தான் சொல்லும் முதல் பாடம் காற்று: விலங்கின் மேல் பட்டு நம்மை நோக்கி வரும் காற்றில் நிற்க வேண்டும். வெள்ளைவால் மான் மோப்பத்தால் பிழைப்பது, ஆகவே அங்கே அது முதல் விதி. வெட்டவெளியில் வாழும் வெளிமானுக்குப் பார்வையே முதல் காவல் என்பதால், இங்கே காற்றைவிட நம் நிழலுருவம்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கும். வானம் பின்னணியாக அமையும் மேட்டில் நிற்காமல், புதரை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பது நல்லது. சரணாலயத்தில் உள்ள இராமர் பாதம் மேட்டிலிருந்து சுற்றிலும் நன்றாகத் தெரியும் என்பது உண்மை. அங்கே நிற்பவரையும் சுற்றிலும் நன்றாகத் தெரியும். பாதையில் செல்ல அனுமதி பெற்ற வாகனம் இருந்தால் அதிலிருந்து இறங்காமல் இருப்பதே சிறந்தது. நின்றிருக்கும் வாகனத்தைப் பொறுத்துக்கொள்ளும் மந்தை, கதவைத் திறந்து ஒருவர் கால் வைத்தவுடன் ஓடிவிடும்.

காற்றையும் வெயிலையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வாடை வீசும் மாதங்களில் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் தென்மேற்கில் நின்று விடியற்காலையில் பார்த்தால், எழும் சூரியன் கண்ணுக்கு நேராக வந்து விலங்குகள் எல்லாம் கரிய உருவங்களாகத் தெரியும். கொம்பு தெரியும், குட்டி தெரியாது. அம்மாதங்களில் மாலைக் கணக்கே நம்பகமானது. கோடையில் பிற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும்போது மேற்கே நின்றால் காற்றும் வெயிலும் ஒருங்கே நமக்குச் சாதகமாகும். மழைக்காலத்தில் புல் உயர்ந்து, சதுப்பில் நீர் நிரம்பிப் பாதைகள் பல அடைபடுவதால் எண்ணிக்கை குறைவாகத் தெரியும்; அதைக் கண்டு மந்தை சுருங்கிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு மார்கழிக் கணக்கை அடுத்த மார்கழிக் கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும், வைகாசியோடு அன்று.

எண்ணும் முறை

புல்வெளியைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குழுவை நிறுத்தி, எல்லாரும் ஒரே மணியில் தொடங்கி ஒரே மணியில் முடிப்பது முழுக்கணக்கு. திறந்தவெளிக்கு இது பொருந்தும். இதன் பெருங்குறை இரட்டை எண்ணிக்கை: ஒரு பகுதியில் வெருண்ட மந்தை அடுத்த பகுதிக்குள் ஓடி அங்கும் எண்ணப்பட்டுவிடும். எனவே ஒவ்வொரு மந்தைக்கும் பார்த்த மணித்துளி, நின்ற இடம், சென்ற திசை, ஆண் பெண் குட்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை உடனுக்குடன் எழுத வேண்டும். மாலையில் குழுக்கள் அமர்ந்து ஒப்பிடும்போது, 6.40க்கு 23 உருப்படிகளோடு கிழக்கே போன மந்தையும் 6.48க்கு 23 உருப்படிகளோடு மேற்கிலிருந்து வந்த மந்தையும் ஒன்றே என்று அப்போதுதான் தெரியவரும்.

மற்றொன்று கோட்டுப்பாதைக் கணக்கு. நேரான பாதையில் நடந்து இருபுறமும் தென்படுவதை எழுதுவது இது. எடுத்துக்காட்டாக, 4 கிலோமீட்டர் நடந்து, இருபுறமும் 200 மீட்டர் வரை பார்த்து, 48 விலங்குகளை எண்ணினோம் என்று வைத்துக்கொள்வோம். பார்த்த பரப்பு 1.6 சதுர கிலோமீட்டர். அப்படியானால் சதுர கிலோமீட்டருக்கு 30. ஆனால் 150 மீட்டருக்கு அப்பால் படுத்திருந்த குட்டிகளை நாம் பார்த்திருக்க மாட்டோம். அதனால்தான் ஒவ்வொரு விலங்குக்கும் பாதையிலிருந்து உள்ள தொலைவையும் குறித்துக்கொள்கிறார்கள். தொலைவு கூடக் கூடக் கண்ணில் படுவது எவ்வளவு குறைகிறது என்பதை அதிலிருந்து கணித்து, விடுபட்டவற்றை ஈடுசெய்கிறார்கள். சீமைக்கருவேலப் புதர் மண்டிய இடங்களில் இந்தத் திருத்தம் இல்லாமல் வரும் எண்ணை நான் நம்புவதில்லை.

செய்தித்தாளில் மொத்த எண் மட்டுமே வரும். மந்தையின் எதிர்காலத்தைச் சொல்வது விகிதம். 60 பெண்களுடன் 12 குட்டிகள் தென்பட்டால் 100 பெண்களுக்கு 20 குட்டிகள் என்று பொருள். மொத்தம் மாறாமல் இருக்கும்போதே இந்த விகிதம் ஆண்டுதோறும் சரிந்துகொண்டிருந்தால், இன்று நிற்பவை முதுமை அடைகின்றன, அவற்றின் இடத்துக்கு வருவோர் இல்லை என்பதே செய்தி. பெண் வெளிமான் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். அதை முதல் சில வாரங்கள் புல்லில் மறைத்து வைத்துவிட்டு மேயச் செல்லும். நரிக்கும் தெருநாய்க்கும் அந்த வாரங்களே வாய்ப்பு. தனியே படுத்திருக்கும் குட்டியைக் கண்டு, தாயை இழந்தது என்று இரக்கப்பட்டுத் தூக்கிவருவோர் உண்டு. தூக்கக் கூடாது. தொடாமல், நின்று பார்க்காமல் விலகிச் சென்று, காயம் தெரிந்தால் மட்டும் வனக்காப்பாளரிடம் சொல்ல வேண்டும்.

எண் கிடைத்த பின்

மந்தையை என்ன செய்வது என்பதில் அத்தானின் நாட்டிலேயே ஒரே கருத்து இல்லை. பென்சில்வேனியாவில் 2002 முதல் கொம்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கிளைகள் இல்லாத இளம் ஆண்களைச் சுடுவது கட்டுப்படுத்தப்பட்டது. பெண் மான்களை மிகுதியாகச் சுட அனுமதித்து மந்தையைக் காடு தாங்கும் அளவுக்குக் கொண்டுவர முயன்றார்கள். முன்பு போல மான் கண்ணில் படவில்லை என்று வேட்டைக்காரர்களே அதை எதிர்த்தார்கள். பொதுநிலத்தில் ஒருவர் விட்டுவைத்த இளம் ஆணை அடுத்தவர் சுட்டுவிடலாம் என்பதால் விதி எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டியிருக்கிறது. டெக்சஸில் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. அங்கே 1932இல் கொண்டுபோய் விடப்பட்டுப் பெருகிய நம் வெளிமானை நில உரிமையாளர் தம் விருப்பப்படி வேட்டைக்கு விடுகிறார். இங்கே சிறைக்கு அனுப்பும் விலங்கு அங்கே விலைப்பட்டியலில் இருக்கிறது. துப்பாக்கி, தோட்டா மீதான வரியிலிருந்து 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைக்கும் பணமே அந்நாட்டு மாநில வனவிலங்குத் துறைகளின் பெரிய வருவாய்களில் ஒன்று என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர்களுடைய முறை விளங்கும்.

கோடியக்கரை மந்தைக்குக் குறைப்பு என்ற கேள்வியே எழவில்லை. ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பளமும் சதுப்பும். விலங்கு வேறிடம் போக முடியாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது மான்கள் பல மாண்டன, மரங்கள் சாய்ந்தன. இப்படிப்பட்ட சிறிய இடத்தில் கருத்து வேறுபாடு புல்லைப் பற்றியது. சீமைக்கருவேலத்தை அகற்றிப் புல்வெளியை மீட்க வேண்டும் என்போர் ஒருபுறம். சரணாலயத்தில் கட்டற்றுத் திரிந்து, புல்லுக்குப் போட்டியாக நிற்கும் மட்டக்குதிரைகளைப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும் என்போர் இன்னொருபுறம். குதிரைகளும் இந்த மண்ணோடு நெடுங்காலம் கலந்தவை, அவற்றை விட்டுவிடலாம் என்போரும் உண்டு. எதையும் தொடாமல் இயற்கையிடம் விடலாம் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதன்று. கருவை நாமே கொண்டுவந்த மரம், அதன் காயைத் தின்னும் விலங்குகளின் சாணத்தோடு விதை பரவுகிறது, வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்க்கிறது. ஆனால் ஒரே மூச்சில் முழுவதையும் வழித்தெடுப்பதும் சரியன்று. நிழல் முற்றிலும் இல்லாத வெளியில் சித்திரை வெயிலை விலங்கு எப்படித் தாங்கும்? ஒரு துண்டில் வேரோடு அகற்றி, பக்கத்துத் துண்டை அப்படியே விட்டு, இரண்டிலும் மூன்று ஆண்டுகள் ஒரே முறையில் எண்ணிக் குட்டி விகிதத்தை ஒப்பிட்டால், யார் சொன்னது சரி என்று புல்வெளியே காட்டிவிடும். குதிரைகளையும் அதே குறிப்பேட்டில் தனி நிரலில் எழுத வேண்டும். அவை எத்தனை, எங்கே மேய்கின்றன என்ற எண் இல்லாமல் இரு தரப்பும் வாதாடுகின்றன. நாய்களுக்கும் ஒரு நிரல் வேண்டும்.

குறிப்புத் தாளைப் பென்சிலால் எழுதுங்கள். கோடியக்கரை ஈரக்காற்றில் மை ஊறிவிடும். அன்றைக்கே படியெடுத்து, மூலத்தை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, படியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மானும் தென்படாத பாதைக்கு 0 என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். கட்டத்தை வெறுமையாக விட்டால், அந்தப் பாதையில் யாரும் நடக்கவே இல்லை என்றுதான் அடுத்த ஆண்டு வருபவர் புரிந்துகொள்வார்.