திருவானைக்காவிலிருந்து கும்பகோணம்: காவிரியை விடாமல் இருவர் போகும் வழி

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வழியாகப் போனால் கும்பகோணம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். அந்த வழியில் போகாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் போகிறீர்கள், கையில் இரண்டு நாள் இருக்கிறது என்றால் கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கபிஸ்தலம், சுவாமிமலை என்று ஆற்றோடு போங்கள். எங்களுக்குக் கல்யாணமாகி 26 வருஷம். இந்த வழியில் பதினோரு தடவை போயிருக்கிறோம், எட்டு வருஷப் பழைய ஆல்டோவில்.

முதலில் மாதம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறப்பார்கள். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். ஆனாலும் உடனே கிளம்ப வேண்டாம். ஆடிப்பெருக்குக் கூட்டம் ஓயட்டும். ஆவணியில் ஆற்றில் தண்ணீரும் ஓடும், குறுவை வயலும் பச்சையாக இருக்கும். அணை தாமதமாகத் திறந்த வருஷம் பயணத்தையும் தள்ளிப் போட்டுவிடுங்கள். பங்குனி, சித்திரையில் வந்தால் மணலைத்தான் பார்ப்பீர்கள்.

அடுத்து நேரம். கோயில்கள் மத்தியானம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். முதல் தடவை நாங்கள் இதை யோசிக்கவே இல்லை. உச்சி வெயிலில் கும்பகோணத்தில் போய் இறங்கி, மூடிய கதவுக்கு முன்னால் காருக்குள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அதனால் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்புங்கள். திருவையாற்றை ஒன்பதரைக்குள் தொட்டுவிட வேண்டும் என்பதை மட்டும் கணக்கு வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

போனில் கும்பகோணம் என்று போட்டால் அது நெடுஞ்சாலைக்கே இழுக்கும். ஊர்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். திருவானைக்காவிலிருந்து உத்தமர்சீலி வழியாகக் கல்லணைக்குப் போகும் சாலையில் வலப்பக்கம் காவிரி, இடப்பக்கம் கொள்ளிடம். நடுவில் வாழைத்தோப்பு. கண்ணாடியை இறக்கி விடுங்கள், ஏசி வேண்டாம். நாற்பதுக்கு மேல் ஓட்டாதீர்கள். சாலை குறுகல், எதிரே பஸ் வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்றுதான் ஆக வேண்டும்.

அறுவடைக் காலத்தில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாலையில் பாதிக்கு நெல் காயும். அதன்மேல் வண்டியை ஏற்றாதீர்கள். ஒரு தை மாதம் நெல்லுக்கு ஒதுங்கப் போய் எங்கள் முன்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த இரண்டு அம்மாக்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து, சக்கரத்துக்கு அடியில் வைக்கோலைத் திணித்து, என்னோடு சேர்ந்து தள்ளினார்கள். "நெல்லு மேல ஏத்தாம ஒதுங்குனீங்களே தம்பி, அதுவே போதும்" என்றார் அவர்களில் மூத்தவர். ஸ்டியரிங்கில் இருந்த என் வீட்டுக்காரருக்கு அப்போது 49 வயது. தம்பி என்றதில் அன்று முழுக்க அவருக்குச் சந்தோஷம்.

கல்லணையில் ஒரு மணி நேரம் இருங்கள். கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் அணை, 1,080 அடி நீளம். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிவதை நின்று பார்த்தால் டெல்டா எங்கிருந்து தொடங்குகிறது என்று புரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் இந்த அணையைப் படித்துத்தான் மேலே முக்கொம்பில் 1836ல் மேலணையைக் கட்டினார். மதகுக்குப் பக்கத்தில் குளிக்க இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். குளிக்க ஆசைப்பட்டால் கும்பகோணத்தில் படித்துறை இருக்கிறது.

வழியில் கோவிலடியில் அப்பக்குடத்தான் பெருமாள். தினமும் இரவில் அப்பம் அமுது செய்கிற பெருமாள்.

திருவையாறு என்னுடைய ஊர். பிறந்த ஊர் இல்லை, மனசுக்கு. ஐயாறப்பரைப் பார்த்துவிட்டு, புஷ்ய மண்டபப் படித்துறையில் கால் நனைத்துவிட்டு, தியாகராஜர் சமாதிக்குப் போங்கள். தை மாத ஆராதனையில் கூட்டம் நெரியும், ஆவணியில் நாம் இரண்டு பேர்தான் இருப்போம். அங்கே போனால் எதிரே சிலையாக இருக்கும் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளையும் பார்க்காமல் வரக் கூடாது. தன் நகைநட்டை விற்று இந்தச் சமாதிக் கோயிலைக் கட்டியவர். பெண்கள் ஆராதனையில் பாட முடியாதிருந்த காலத்தில் பாடுவதற்குப் போராடி இடம் வாங்கிக் கொடுத்தவர். கை கூப்பிய உருவமாக இன்றும் தியாகராஜரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் அங்கே கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பேன். இவர் கூப்பிடமாட்டார். கடைத்தெருவில் போய் அசோகா வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். பாசிப்பருப்பில் செய்கிற அல்வா, வாழை இலையில் சூடாகக் கால் கிலோ போதும், இரண்டு பேரால் அதற்கு மேல் முடியாது.

கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம் தாண்டி சுவாமிமலை. கோயில் நாலு மணிக்குத் திறக்கும் வரை சிற்பக் கூடம் ஏதாவது ஒன்றில் கேட்டு உள்ளே போங்கள். வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் நின்றால் காட்டுவார்கள். போன தடவை ஒரு ஸ்தபதி தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அம்மனின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தார். முகத்துக்கு ஒரு மடிப்பு, கழுத்துக்கு ஒரு மடிப்பு. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசி நிழலில் உலர்த்துகிறார்கள். பிறகு கெட்டி மண். சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண்ணை உடைத்தால் அம்மன். அந்த மண்ணை எடுத்து என் விரலில் தேய்த்துக் காட்டினார், பவுடர் மாதிரி இருந்தது. காலையிலிருந்து கூடவே வந்த ஆறு விரலில் ஒட்டிக்கொண்டது எனக்கு என்னவோ செய்தது.

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு தடவை தங்கி, ஹாரன் சத்தத்தில் விடிய விடிய விழித்திருந்தோம். காரை நிறுத்திவிட்டால் மறுநாள் மத்தியானம் வரை தொடாதீர்கள், தெருக்களெல்லாம் நடக்கத்தான். ராத்திரி குளத்தைச் சுற்றி நடங்கள். கரையில் பதினாறு மண்டபங்கள். 2016க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028ல். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் பார்த்துவிடுவது நல்லது.

மறுநாள் காலை பகவத் படித்துறையில் குளியல். பித்தளை டபரா டம்ளரில் காபி, இட்லிக்குக் கடப்பா. பிறகு சாரங்கபாணி. சந்நிதியே தேர் மாதிரி, கல்லில் குதிரையும் யானையும் இழுக்கும். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். நீங்கள் எதன் வழியாக நுழைகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாரங்கபாணி சந்நிதித் தெருவிலேயே ராமானுஜன் வீடு. ஜன்னல் ஓரமாக ஒரு கட்டில், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். இங்கே வந்தால் மட்டும் செருப்பைக் கழற்றும்போதே குரல் இறங்கிவிடும். காவிரிக் கரையில் இருக்கும் அரசுக் கல்லூரியில் 1904ல் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதில் தேறாமல் அந்த உதவித்தொகையையே இழந்தவர் ராமானுஜன். ஒவ்வொரு வருஷமும் தேர்வு முடிவு வந்ததும் தோற்ற பிள்ளைகளிடம் இவர் சொல்கிற முதல் விஷயம் இதுதான்.

தாராசுரத்தைச் சாயங்காலத்துக்கு வையுங்கள், நாலு மணிக்குப் பிறகு. இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004ல் உலக மரபுச் சின்னம் ஆனது. தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய கோயில் இது. அறுபத்து மூவர் கதைகளை முழம் அளவு கூட இல்லாத கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். யானையும் காளையும் ஒரே தலையோடு நிற்கும் சிற்பத்தைக் கேட்டுக் கண்டுபிடியுங்கள். காளையின் உடலை உங்கள் உள்ளங்கையால் மறைத்தால் துதிக்கை தூக்கிய யானை. கையை அந்தப் பக்கம் மாற்றினால் அதே தலை காளையின் தலையாகிவிடும். ஒருவர் மறைக்க, ஒருவர் பார்க்க வேண்டும். அப்புறம் மாறிக்கொள்ளுங்கள். இதை நாங்கள் பதினோரு தடவையும் செய்திருக்கிறோம்.

திரும்பும்போது நெடுஞ்சாலை, இருட்டில் கரைச் சாலை வேண்டாம். கிளம்புமுன் கடைத்தெருவில் கொழுந்து வெற்றிலை ஒரு கவுளி வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, கால் வைக்கும் இடத்தில் நிழலாக வையுங்கள். இரண்டு நாளைக்கு வாடாது.