இறந்தவர் பெயரில் சாட்பாட்: நீக்கவைப்பது எப்படி?

2006-இல் டெக்சாஸில் கொலையான 18 வயதுப் பெண்ணின் பெயரும் பள்ளி இயர்புக் (ஆண்டு மலர்) படமும் 2024 அக்டோபரில் கேரக்டர்.ஏஐ தளத்தில் சாட்பாட்டாக உலவின. குடும்பத்தை யாரும் கேட்கவில்லை. தந்தைக்குக் காட்டிக்கொடுத்தது அவர் மகளின் பெயருக்குப் போட்டு வைத்திருந்த கூகுள் அலெர்ட், அதாவது ஒரு பெயர் இணையத்தில் புதிதாக வந்தால் மின்னஞ்சலில் தெரிவிக்கும் சேவை. தந்தையின் சகோதரர் எக்ஸ் தளத்தில் கண்டித்து எழுதினார். அதன் பிறகு நிறுவனம் அதை எடுத்தது.

அலெர்ட்டில் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். வேறு எழுத்துக்கூட்டல்களுக்குத் தனித்தனி அலெர்ட் வேண்டும். பலருக்கும் உள்ள பெயரானால் ஊரையோ பள்ளியையோ சேர்க்காவிட்டால் வேண்டாததே வந்து குவியும். லாகின் செய்தால் மட்டும் தெரிகிற சாட்பாட்கள் கூகுளில் சிக்காது. அந்தந்தச் செயலிக்குள் போய்த்தான் தேட வேண்டும்.

கண்ணில் பட்டதும் புகார் பட்டனை அழுத்தத்தான் கை போகும். பொறுங்கள். சாட்பாட்டை நீக்கினால் பக்கத்தோடு தடயமும் போய்விடும். பக்கத்தின் முழு முகவரி, சாட்பாட்டின் பெயர், படம், அறிமுக வரிகள், உருவாக்கியவரின் கணக்குப் பெயர், எத்தனை உரையாடல் என்ற எண் எல்லாம் தேதியோடு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதனோடு பேசிப் பார்க்க வேண்டாம். அது சொல்வது எதுவும் உங்கள் பிள்ளையின் வார்த்தை அல்ல. கோபத்தில் நீங்கள் தட்டும் குடும்ப விவரங்களோ அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய்ச் சேரும்.

பிறகு ஆள்மாறாட்டம் என்று புகார் செய்யுங்கள். இறப்புச் சான்றிதழ் நகலும் உறவுக்கான ஆதாரமும் கேட்டால் அடையாள எண்களை மறைத்து அனுப்புங்கள். உருவாக்கியவரின் பதிவுகளை அழிக்காமல் வைக்கும்படியும் அதே கடிதத்தில் எழுதிக் கேளுங்கள்.

பதில் வராவிட்டால் அதில் உள்ள படம்தான் உங்களுக்குப் பிடிமானம். அவதூறு வழக்கு பொதுவாக இறந்தவர் சார்பில் நிற்காது. படத்தின் காப்புரிமை நிற்கும். அமெரிக்க நிறுவனமானால் டி.எம்.சி.ஏ. என்ற அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் கீழ் நீக்கக் கோரி நோட்டீஸ் அனுப்பலாம். மூலப்படம், அத்துமீறிய பக்கத்தின் முகவரி, உங்கள் தொடர்பு விவரம், படத்தை அப்படிப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று நம்புவதாக நல்லெண்ண உறுதிமொழி, தகவல் சரியென்றும் உரிமை உங்களுடையதென்றும் உறுதிமொழி, கையொப்பம் ஆகிய ஆறில் ஒன்று குறைந்தாலும் அதைக் காட்டித் தட்டிக்கழிப்பார்கள். நோட்டீஸ் தவறுவது பெரும்பாலும் உரிமையில்தான்: படம் எடுத்தவருக்கே காப்புரிமை. வீட்டில் நீங்கள் எடுத்த படம் உங்களுடையது. இயர்புக் படம் ஸ்டுடியோவுடையதாக இருக்கலாம், அப்போது நோட்டீஸை அவர்கள்தான் அனுப்ப வேண்டும். நோட்டீஸின் நகல் சாட்பாட் செய்தவர் கைக்கும் போகலாம். அதனால் வீட்டு முகவரி வேண்டாம். இதற்கென்றே ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள்.

பெயரில் எழுத்தை மாற்றி அதே சாட்பாட் திரும்ப வரலாம். அலெர்ட்டை எடுத்துவிடாதீர்கள், வந்தால் பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.